வந்த ஆறும் பிறந்த ஆறுகளும்

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூருக்கு வருகிறவர்கள் முதலில் சுரபி நதியில் முழுகுகிறார்கள். ஈரம் காயும் முன்பே எள் விளக்கு ஏற்றி, சுயம்பு சனீசுவரரைக் கும்பிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துத் திரும்புகிறார்கள். குச்சுப்புல்லால் கூரை வேய்ந்து எழுப்பிய கோயில் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று தலவரலாறு சொல்லும். அதே தலவரலாறு சுரபி நதி என்று சொல்வதை, கோயிலைத் தாண்டி வயலில் நிற்கும் விவசாயி வாய்க்கால் என்பார். இரண்டும் ஒரே தண்ணீர்தான். முல்லைப் பெரியாற்றிலிருந்து பிரிந்து வந்து, கோயிலடியில் நதியாகி, நாற்பது அடி தள்ளி மடையாகி, நெல்லுக்குப் பாய்கிறது.

இந்தத் தண்ணீர் எந்த மலையில் பிறந்தது என்று யோசித்தவாறு அந்தப் படித்துறையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். குச்சனூரில் நின்றால் இரண்டு பக்கமும் மலை தெரியும். மேற்கே ஏலமலைத் தொடர்; அதற்கு அப்பால் கேரளம். தென்கிழக்கே மேகமலை, அதன் முதுகுக்கு அப்பால் வருசநாடு. நடுவே வடகிழக்காகச் சரிந்து இறங்கும் நீண்ட பள்ளம்தான் கம்பம் பள்ளத்தாக்கு. சுரபியில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு மேகமலையில் பெய்து சுருளியாறாக இறங்கியது. பெரும்பங்கோ மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் பெய்து, அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய மழை. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் அது.

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சுரங்கக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கதை சொல்லித் தீராத கதைதான். நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வந்த ஆற்றைக் கொண்டாடிய நாம், இந்த மலைகளில் பிறந்த ஆறுகளை என்ன செய்தோம்?

முதலில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து எழுந்து வந்து மலையின் மேற்கு முகத்தில் மோதி, சுமந்துவந்ததை அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதனிடம் மிச்சமிருப்பது காற்றும் சாரலும்தான். ஆனி, ஆடி மாதங்களில் தேக்கடியில் அடைமழை பெய்துகொண்டிருக்கும். வளைந்து வளைந்து மலை இறங்கி லோயர்கேம்ப் வந்தால் வெயில் அடிக்கும். பள்ளத்தாக்கின் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. ஒரே மலையின் இரண்டு முகங்களுக்கு இரண்டு பருவம். மேற்கு முகத்து மழையைக் கிழக்கு முகத்துக்குத் திருப்பினால் ஆண்டின் பாதி நிறையும் என்பது இங்கே வாழ்ந்த எவருக்கும் தோன்றியிருக்கக்கூடிய எண்ணம்தான்.

அதை அரசு முயற்சியாக முதலில் எடுத்தவர் இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. 1789இல் அவர் ஆட்களை மலைக்கு அனுப்பி வழி பார்த்தார். வைகையின் கடைமடையில் இருக்கிற சீமையிலிருந்து, ஆற்றின் தலைப்பக்கத்து மலைக்கு ஆள் போயிருக்கிறது. நீர் எட்டாத கடைசி வயல்காரனுக்குத்தான் ஆற்றின் தலை எங்கே என்ற கவலை அதிகம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பணம் இல்லாமல் அந்த முயற்சி நின்றது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆராய்ந்து, நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். 1876 தொடங்கி இரண்டு ஆண்டுகள் தென்னாட்டை உலுக்கிய தாது வருசப் பஞ்சம் அந்தத் தாள்களை மறுபடி எடுக்க வைத்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அடுத்த ஆண்டு கர்னல் ஜான் பென்னிகுவிக் வேலையைத் தொடங்கினார். பெரியாறும் முல்லையாறும் கலக்கும் இடத்துக்குக் கீழே, காட்டின் நடுவில், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து எழுப்பிய அந்த அணை 155 அடி உயரம். நீரை மறித்ததைவிடப் பெரிய வேலை அதைத் திருப்பியதுதான். மலைமுகட்டில் 5,700 அடிக்குச் சற்று மேல் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். வெள்ளம் கட்டுமானத்தை அடித்துப் போனது. காய்ச்சலும் காலராவும் ஆட்களை அள்ளிப் போயின. நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர்கள் அணையருகிலேயே அடக்கமானார்கள். பென்னிகுவிக் படம் இல்லாத டீக்கடையைப் பள்ளத்தாக்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொங்கலுக்கு அவருக்குப் பானை வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. 2013இல் லோயர்கேம்பில் மணிமண்டபமும் எழுந்தது. அந்த 483 பேரின் பெயர்கள் எந்த ஊர் நடுகல்லிலும் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நன்றி சொல்வதில் நாம் குறை வைக்காதவர்கள். அந்த நன்றி ஏன் ஒருவரோடு முடிய வேண்டும்?

1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது. சுரங்கத்திலிருந்து வெளிவந்த தண்ணீர் விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் வைரவனாறு. அது சுருளியாற்றில் கலந்து, சுருளியாறு வைகையில் கலப்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் இயற்கையான நீர்வழி. இன்றைக்குக் கூடலூரிலோ கம்பத்திலோ வைரவனாறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்கள் சிலருக்குத்தான் தெரியும். தண்ணீர் வந்த வேகத்தில் பெயரும் போய்விட்டது. கம்பத்தைத் தாண்டி, உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வரை ஓடுவதெல்லாம் இப்போது முல்லைப் பெரியாறுதான். சுருளியின் பெயர் அருவியிலும் அதன் தீர்த்தத்திலும் ஒதுங்கிக்கொண்டது.

அந்த ஆற்றால் பள்ளத்தாக்கு அடைந்ததை அளந்து பார்க்கலாம். லோயர்கேம்பிலிருந்து தேனிக்கு அருகே பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் ஆயக்கட்டு 14,707 ஏக்கர். அதில் குச்சனூரை உள்ளடக்கிய உத்தமபாளையம் வட்டத்துக்கு 11,807. தேனி வட்டத்துக்கு 2,412. போடி வட்டத்துக்கு 488. ஆற்றின் இரு கரையிலும் பிரியும் 17 வாய்க்கால்கள் இந்த வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிடுகின்றன. பிற்காலத்தில் மேட்டு நிலத்துக் கண்மாய்களுக்கென்று வெட்டியதற்குப் பதினெட்டாம் கால்வாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தந்தை பெரியார் கால்வாயும், உத்தமபாளையத்துக்காரரும் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவருமான பி.டி.ராஜன் பெயரிலான கால்வாயும் சேர்ந்து 5,146 ஏக்கருக்குப் பாய்கின்றன. இவ்வளவும் வழியில் எடுத்துக்கொண்டது போக, வைகை வழியே போகும் தண்ணீரை நம்பித்தான் மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் இருபோகமாக 45,041 ஏக்கரும் ஒருபோகமாக 1,05,002 ஏக்கரும் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் வேகத்தை லோயர்கேம்ப் மின்நிலையம் மின்சாரமாக்குகிறது. ஒரே தண்ணீர் விளக்கெரித்து, நெல் விளைவித்து, தாகம் தணித்து, குச்சனூரில் தோஷமும் கழிக்கிறது.

ஜூன் முதல் தேதி வாக்கில் தண்ணீர் திறப்பது இங்கே திருவிழா மாதிரி. நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வானத்து மேகமில்லை, அணையின் மட்டம். ஆகவே பள்ளத்தாக்கில் இருவர் சந்தித்தால் நலம் விசாரித்த கையோடு கேட்கும் கேள்வி, “டேம்ல எத்தனை அடி?” என்பது. பேருந்தில் கேட்கிறார்கள், சலூனில் கேட்கிறார்கள், துக்க வீட்டில்கூடக் கேட்கிறார்கள். 1979இல் அணையின் பாதுகாப்பு குறித்த அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகளுக்குப் பின் 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அதை உறுதிப்படுத்தியது. முழுக் கொள்ளளவு 152 அடி. இந்த மூன்று எண்களும் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நான்காவது எண் ஒன்று உண்டு. அதை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். 104 அடிக்குக் கீழே மட்டம் இறங்கினால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. ஏரியில் எவ்வளவு நீர் கிடந்தாலும் பள்ளத்தாக்குக்குச் சொட்டு வராது. 142க்கும் 104க்கும் இடையில் உள்ள 38 அடித் தண்ணீர்தான் நம் வாழ்வு. அணைக்குக் கீழே, பெரியாற்றங்கரையில் குடியிருக்கும் மலையாள மக்களின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இந்தப் பக்கத்து விவசாயியின் அச்சமும் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. இரண்டு அச்சங்களுக்கும் தனித்தனியே செவி கொடுக்கும் அறிவியலும் நிதானமும்தான் வேண்டும்.

ஆனால் அணை மட்டம் என்ற அந்த ஒரே எண்ணில் நம் கவனம் முழுவதும் போய்விட்டது. மூல வைகையில் இந்த வாரம் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்பவரும் இல்லை.

மேகமலையின் பின்முகத்தில், வெள்ளிமலை, அரசரடிப் பக்கத்துக் காட்டோடைகள் ஒன்றுசேர்ந்து பிறப்பதுதான் மூல வைகை. வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று கம்பம் பள்ளத்தாக்குக்கு இணையாக, மலைக்கு அந்தப் பக்கத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. பரிபாடல் பாடிய வைகைக்கு, மதுரையின் வரலாற்றையே தன் கரையில் ஏந்திய வைகைக்கு, 258 கிலோமீட்டர் ஓடி இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிரப்பும் வைகைக்கு இதுதான் தாய்மடி. அந்த ஆறு இன்று ஐப்பசியில் சில வாரம் புரண்டு ஓடும். மாசி பிறந்தால் மணல் தெரியும். சித்திரையில் ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி ஊர்களுக்குக் குடிநீர் எடுப்பார்கள். கோடையில் வைகை அணைக்குத் தண்ணீர் வருகிறதென்றால் அது பெரியாற்றிலிருந்து திறந்துவிட்டதாகத்தான் இருக்கும். அழகர் இறங்கும் நாளில் மதுரை ஆற்றில் விடும் தண்ணீருக்கும் அதுவே மூலம். மதுரைக்காரர்கள் வைகை என்று வணங்குவதில் வைகை எவ்வளவு, பெரியாறு எவ்வளவு?

இப்படி ஆனதற்கு மழை குறைந்ததை மட்டும் காரணம் சொல்லி நழுவ முடியாது. உயரத்தில் சோலைக்காடும் புல்வெளியும் இருக்கும்வரை மலை ஒரு பஞ்சுப் பொதி. பெய்ததை இலைச்சருகும் வேரும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் கசியவிடும். ஓடையின் வற்றாத தன்மை என்பது அந்தக் கசிவுதான். சோலையை வெட்டி அந்த இடத்தைத் திறந்தால் அதே மழை இரண்டு நாளில் சேறாக ஓடிவிடும். மேகமலை உச்சியில் தேயிலைக்காகக் காடு அழிந்தது ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கியது. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் ஏலத்தோட்டங்களில் பெரிய மரங்கள் ஓரளவு தப்பின. அதற்காக அவற்றைக் காடு என்று சொல்லிவிட முடியாது. வருசநாட்டுப் பக்கத்திலோ காடு திருத்தி விவசாயம் செய்வது பல தலைமுறையாக நடந்தது. பிழைக்க வழியில்லாமல் மலையேறிய ஏழை எளிய குடும்பங்கள்தான் அதில் பெரும்பாலும். அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிற யாரும் ஆற்றின் தலையில் குடியிருப்பவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டதில்லை.

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, நாட்டில் 51ஆவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் காட்டுக்குள் வைகையின் நீர்ப்பிடிப்பு வருகிறது. புலியைக் காக்கும் சட்டம் ஆற்றையும் காக்கும் என்பது நடக்கக்கூடியதே. காடு கூடினால் கசிவு கூடும். ஆனால் பட்டா இல்லாத மலைக்குடிகளின் எதிர்காலத்தைத் தீர்க்காமல் அது முழுமை பெறாது. அவர்களையே காட்டை மீட்கும் வேலையில் கூலிக்கும் உரிமைக்கும் பங்காளிகளாக்குவதுதான் எனக்குச் சரியெனப் படுகிறது.

மற்ற ஆறுகளை ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். அவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுதான். குரங்கணி, கொட்டகுடி மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு போடிக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுத் தேனியருகே முல்லைப் பெரியாற்றோடு கலக்கிறது. பெரியகுளத்தின் வராக நதிக்குச் சோத்துப்பாறையில் 126 அடி உயரத்தில் அணை; பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு எதிரே இரு கரையிலும் ஆண் மருது, பெண் மருது என்று வணங்கும் மரங்கள். தேவதானப்பட்டிக்கு மேலே மஞ்சளாறு. இராயப்பன்பட்டிக்கு மேலே மேகமலை மழையைப் பிடிக்கும் சண்முகாநதி அணை, 52 அடி.

அந்த இராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில்தான் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைகிறது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இந்தப் பகுதியின் தனிச்சிறப்பு. மேல்மலைக் குளிரும் பள்ளத்து வெயிலும் அதற்கு உதவுகின்றன. தண்ணீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் வருகிறது. கிணறு என்றால் ஆறு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஓடையும் கண்மாயும் நிறைந்தால்தான் கிணற்றில் ஊற்று. மலையடி ஓடை செத்தால் திராட்சைக் கொடிக்கு அது நான்காண்டு கழித்துத் தெரியவரும். அதற்குள் ஆழ்துளையின் ஆழம் கூடியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 1949க்கும் 1974க்கும் இடையே ஸ்னோவி ஆற்றை இதேபோல் மலைக்கு உள்ளே குடைந்து மேற்கே திருப்பினார்கள். திருப்பப்பட்ட ஆற்றில், அணைகளுக்குக் கீழே, நூற்றில் ஒரு பங்கு தண்ணீரே மிஞ்சியது. கரையோர மக்கள் பல ஆண்டு போராடி, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு பகுதி நீரைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே நீரை இழந்த ஆற்றுக்காகக் குரல் எழுந்தது. இங்கே நீரைப் பெற்ற நிலத்தின் சொந்த ஆறுகளுக்காகக் குரல் எழவில்லை. கண் முன்னால் ஓர் ஆறு நிறைந்து ஓடும்போது, பக்கத்தில் இன்னொன்று மெலிவது கண்ணில் படுவதில்லை.

இப்போது லோயர்கேம்பிலிருந்தே குழாய் போட்டு, மதுரை மாநகருக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்திருக்கிறது. மதுரைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதனே இல்லை. ஆனால் பள்ளத்தாக்கு விவசாயிகள் எழுப்பிய எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. ஆற்றில் ஓடிப் போகும் தண்ணீர் வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்கும், கிணறுகளுக்கு ஊறும், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் பக்தர் முழுகுவதற்கு இருக்கும். குழாயில் போகும் தண்ணீர் யாரையும் தொடாமல் போய்ச் சேரும். பெரியாற்று நீரின் மேல் இத்தனை பேர் கை வைத்த பிறகு, 38 அடியை இன்னும் எத்தனை பங்காகப் பிரிப்பது? மூல வைகையும் கொட்டகுடியும் வராக நதியும் தங்கள் பங்குக்குக் கோடையிலும் ஓடினால் மட்டுமே அந்தப் பங்கீடு சண்டையில்லாமல் நடக்கும்.

என்னைக் கேட்டால், நீர்வளத்துறை அன்றாடம் வெளியிடும் பெரியாறு, வைகை நீர்மட்டப் பட்டியலோடு, மலையடிவாரத்து ஒவ்வோர் ஆற்றின் ஓட்டமும் அளந்து ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும். வருசநாட்டிலும் குரங்கணியிலும் ஓர் அளவுக்கல் நட்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே பதிவு செய்யலாம். எண் இருந்தால் பேச்சு வரும். “டேம்ல எத்தனை அடி” என்று கேட்ட வாய், “வாலிப்பாறையில எத்தனை அடி” என்றும் கேட்கத் தொடங்கும்.

தேனிக்குக் கிழக்கே இரண்டு ஆறுகளும் சந்திக்கின்றன. கடந்த பங்குனியில் அங்கே போயிருந்தேன். மேற்கிலிருந்து, முல்லைப் பெரியாறு என்று நாம் அழைக்கும் வைரவனாறும் சுருளியாறும் முழங்கால் அளவுக்கு ஓடிவந்தன. தெற்கிலிருந்து மூல வைகை வந்து சேர வேண்டிய படுகையில் கருவேலம் முளைத்திருந்தது. அந்த மணலில் ஒரு சிறுவன் கையால் குழி தோண்டிக்கொண்டிருந்தான். இரண்டடி ஆழத்தில் கொஞ்சம் நீர் ஊறியது. தெளியும்வரை காத்திருந்து, அள்ளித் தன் ஆட்டுக்குட்டிக்குக் காட்டினான்.